உள்ளே இருந்தும் ஒரு தரம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் பூட்டுக்காரரின் போன் அடித்தது. போதகர்.

"ஐயா, கோயில் கதவு திறக்கல. சாவி உள்ளயே உடைஞ்சு மாட்டிக்கிச்சு. சபை மொத்தமும் வாசல்ல நிக்குது."

"வேற ஆளப் பாருங்க."

"ஞாயித்துக்கிழமை யாரு வருவா? அதுவும் இது நீங்க மாட்டுன பூட்டு."

கடைசி வார்த்தை சரியான இடத்தில் தைத்தது. தன் பூட்டு மக்கர் செய்தது என்று நாலு பேர் பேசுவதை அவரால் தாங்க முடியாது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் வரைதான். உள்ளே கால் வைப்பதாக இல்லை.

ஏழு மாதங்களுக்கு முன் ஒரே மகளை அடக்கம் செய்த அன்று, எல்லார் முன்னிலையிலும் அவர் சொன்னது அது. "பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல முழங்கால்ல நின்னேன். கர்த்தர் காதுல வாங்கிக்கல. இனி அவரு வீட்டு நிலைப்படியத் தாண்ட மாட்டேன்." தாண்டவில்லை. மனைவி மட்டும் தினமும் விடிந்ததும் போய்க் கோயிலைத் திறந்து, பெருக்கி, பெஞ்சுகளைத் துடைத்துவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டரைக்குப் போவாள். சாவி அவள் பொறுப்பு.

வாசலில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். எப்போதும் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பதால் வாட்ச் மாமா என்று பெயர் வாங்கிய மூப்பர் அலுத்துக்கொண்டார்.

"பரலோகத்து வாசல்கூட இதவிடச் சீக்கிரம் திறக்கும் போல."

"அங்க உங்கள விடுவாங்களான்னு முதல்ல விசாரிச்சுக்குங்க" என்றாள் பாட்டு டீச்சர்.

பூட்டுக்காரரைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கி, வழி விட்டது கூட்டம். மனைவி ஓரமாக நின்றிருந்தாள். அவளுடைய வலது கை இறுக மூடியிருந்தது.

அவர் கதவின் முன் முழங்காலிட்டார். வேறு வழியில்லை, பூட்டு அந்த உயரத்தில்தான் இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய். இரண்டு மெல்லிய ரம்பத் துண்டுகளைத் துவாரத்துக்குள் செருகி, மூச்சைப் பிடித்து இழுத்தார். உடைந்த பித்தளைத் துண்டு உள்ளங்கையில் விழுந்தது.

அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

இது கோயில் சாவி இல்லை.

ஐந்து வெட்டுகள். மூன்றாவது மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. அன்றைக்கு அரம் வழுக்கியதற்குக் காரணம், பின்னால் நின்று அவசரப்படுத்திய மகள். 'அப்பா, சீக்கிரம்ப்பா. பரீட்சை வருது. அம்மா பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எட்டிப் பாக்குறாங்க. என் ரூமுக்குப் பூட்டு வேணும்.'

கோயில் பூட்டும் அந்த அறைப் பூட்டும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியவை. ஒன்றின் சாவி மற்றதில் நுழையும். திரும்பாது. அடக்கம் முடிந்து வந்ததும் அறையைப் பூட்டி, சாவியைப் பரண்மேல் ஒரு டப்பாவில் போட்டு, யாரும் தொடக் கூடாது என்று சொன்னவர் அவர்தான்.

"இது எப்படி உன் சாவி வளையத்துக்கு வந்துச்சு?" என்றார் மனைவியிடம், தாழ்ந்த குரலில்.

அவள் கையை விரித்தாள். சாவியின் மறுபாதி.

"நீங்க குளிக்கப் போனதும் திறப்பேன். அவ கட்டில் பக்கத்துலதான் ஜெபம் பண்றேன்."

"எத்தன நாளா?"

"ஏழு மாசமா. முதல்ல ஜெபம் எங்க வந்துச்சு? சண்டைதான் போட்டேன். உங்களவிட மோசமா கேட்டேன். ஆனா போய்க் கேக்குறதுக்கு அவர விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"

"இன்னிக்கு என்னாச்சு?"

"இன்னிக்கு அவ பொறந்த நாளுங்க. கண்ணு மறைச்சிடுச்சு. கைக்கு வந்த சாவியப் போட்டுத் திருகிட்டேன்."

அவருக்கும் தெரியும். இருந்திருந்தால் இருபது. விடிந்ததிலிருந்து இருவரும் அதை ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்துக்கொண்டிருந்தார்கள்.

வளையத்திலிருந்த கோயில் சாவியைப் போட்டுத் திருப்பினார். கதவு திறந்தது. கூட்டம் நகர்ந்தது. அவர் கையை உயர்த்தினார்.

"இருங்க. இன்னும் முடியல."

வெளியே இருந்து திறந்தால் பாதி வேலைதான். உள்ளே போய்ப் பூட்டித் திறந்து பார்க்காமல் எந்தப் பூட்டையும் அவர் ஒப்படைத்ததில்லை. முப்பது வருடப் பழக்கம்.

"நான் வேணா உள்ள போய்ப் பாக்குறேனே" என்றார் வாட்ச் மாமா. சபதம் அவருக்கும் தெரியும்.

பூட்டுக்காரர் நிலைப்படியைப் பார்த்தார். மனைவியின் கையிலிருந்த அந்தப் பாதிச் சாவியைப் பார்த்தார்.

"என் வேல. நான்தான் பாக்கணும்."

தாண்டினார். கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டு சுகமாக விழுந்தது. உடனே திறந்துகொண்டு வெளியே வந்திருக்கலாம்.

மூன்றாவது வரிசை, அவர்கள் வழக்கமாக உட்காரும் இடம். சுவரோரம் மகள், நடுவில் மனைவி, ஓரத்தில் அவர். கடைசியாக வந்த ஞாயிறு மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடிக் கூடு, அவர் இடத்தில் அப்படியே இருந்தது. மேலே ஒரு பொட்டுத் தூசி இல்லை.

உட்கார்ந்தார். "ஏன்?" என்று வாய்விட்டுக் கேட்டார். இன்னொரு தரம் கேட்டார். பெஞ்சில் தலையைச் சாய்த்து அழுதார். ஏழு மாதம் யாரோடு பேசாமல் இருந்தோம்? இல்லாத ஒருவரோடு யாராவது இத்தனை நாள் கோபித்துக்கொண்டிருப்பார்களா? கடவுள் இருக்கிறார். அது மட்டும் தெரிந்தது. அதனால் வலி குறைந்துவிடவில்லை.

வெளியே கதவு தட்டப்பட்டது. "மணி ஒன்பதே கால்."

"இருக்கட்டும் மாமா" என்றது மனைவியின் குரல். "அவரு பேசட்டும்."

கதவு திறந்தபோது முதலில் அவள்தான் நின்றிருந்தாள். "சரியாயிடுச்சா?"

"பூட்டு சரியாயிடுச்சு."

எல்லாரும் உள்ளே வந்தார்கள். அவர் வெளியே போகவில்லை. மூன்றாவது வரிசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். சுவரோரத்து இடம் காலியாகவே இருந்தது. பாட்டு டீச்சர் பாட்டை ஆரம்பித்தாள். மனைவியின் கையிலிருந்த பாதியை வாங்கி, தன்னிடமிருந்த பாதியோடு சேர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சாயங்காலம் புதுசு வெட்டித் தரேன்" என்றார்.

"உங்களுக்கும் ஒண்ணு வெட்டிக்குங்களேன்."

போதகர் ஜெபத்துக்கு அழைத்தார். பெஞ்சுகள் கிரீச்சிட்டன. மனைவியோடு சேர்ந்து அவரும் முழங்காலிட்டார்.

"ஒண்ணு போதும்" என்றார் மெல்ல. "நாளைக்கு அவ ரூமத் திறக்கும்போது என்னையும் கூப்பிடு."