அவள் பார்க்காத பூ

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அது மொட்டு. மாலையில் திரும்பும்போது சுருண்டுபோன துணுக்கு. நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க, பேருந்து நிலைய டிக்கெட் கவுண்ட்டர் அவளை விட்டால்தானே!

எதை நட்டாலும் கருகிப்போகும் அந்தப் பாத்தியில், யாரும் கூப்பிடாமலே வந்து பூத்த செடி அது. விரிந்த பூவைப் பார்க்கும் கொடுப்பினை அவள் கணவனுக்குத்தான். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலெல்லாம் வீட்டில் கிடப்பவன். அவனுக்குப் பூ என்றால் பூ, அவ்வளவுதான்.

"வெறும் களைம்மா. வெள்ளிக்கிழமை கொத்தனார் வரார். பாத்திய மூடி சிமெண்ட் போட்டா வண்டி நிறுத்தலாம்."

"களை இல்லன்னா?"

"நல்ல செடின்னு யாராவது சொல்லட்டும், நான் கைய வைக்கல. போதுமா?"

நர்சரிக்காரரைக் கேட்டாள். விரிந்த பூவைப் பார்க்காமல் பெயர் சொல்ல மாட்டாராம். சரி, படமெடுத்து அனுப்புங்கள் என்று கணவனிடம் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். செவ்வாயன்று வந்த படத்தில் அவனுடைய வண்டி பளபளவென்று நின்றது. பின்னால் நீலமாக ஏதோ ஒரு புள்ளி. புதனன்று அவன் கட்டைவிரல். அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு பூவைப் படமெடுக்கத் துப்பில்லாத மனிதனோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறோம் என்று அவளுக்கே ஆச்சரியம்.

வியாழனன்று மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினாள். சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பயணியைப் பக்கத்து கவுண்ட்டருக்குத் தள்ளிவிட்டு, மூச்சிரைக்க வீடு வந்து சேர்ந்தாள்.

வாசலில் கணவன் நின்றிருந்தான். வாயெல்லாம் பல். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"நான் எதுக்கும் லாயக்கில்லன்னுதான நினைச்ச? நானே நர்சரிக்குப் போயிட்டு வந்துட்டேன். படமெல்லாம் எதுக்கு, செடியவே கொண்டுபோய்க் காட்டிட்டேன்! விஷ்ணுகிராந்தியாம். மூலிகையாம். கொத்தனார வர வேணாம்னு சொல்லிட்டேன். பாத்தி இனிமே உனக்குத்தான்."

பையை வாங்கிப் பிரித்தாள். வேர் பாதியில் அறுந்திருந்தது. பூ கசங்கி, பையின் ஓரத்தில் ஈரமாக ஒட்டிக்கிடந்தது.

"திரும்ப நட்டா பிழைக்குமான்னு கேட்டீங்களா?"

"கேட்காம இருப்பேனா? ஆணிவேர் அறுந்துட்டா பிழைக்காதாம். ஏன்யா பிடுங்குனன்னு என்னையே திட்டுறார், பாரேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. அவன் செய்ததெல்லாம் அவளுக்காகத்தான். அதுதான் எரிச்சலிலும் பெரிய எரிச்சல்.

"இப்ப சந்தோஷம்தான?" என்றான் அவன்.

அவள் பையை அவன் கையிலேயே திணித்துவிட்டு, வந்த வழியே வேலைக்குத் திரும்பி நடந்தாள்.