பாயும் பல்செட்டும்

ஆசினாதே முதலில் எடுத்தது விலிமோனேயின் மரவள்ளிக்கிழங்கை. அவித்து, வாழையிலையில் சுற்றி, மடியில் வைத்திருந்தான். அவள் எதிரே வந்து நின்றாள், குனிந்தாள், எடுத்தாள், ஒரு கடி கடித்தாள். உப்பு பத்தவில்லை என்று சொல்லிவிட்டு மீதியைப் பின்னால் நின்ற பெண்களிடம் கொடுத்தாள்.

அடுத்துத் தலையணை. அதற்கடுத்து அவன் தோளில் சாய்த்து வைத்திருந்த பாய்ச்சுருள்.

கப்பல் சுவா துறைமுகத்தை விட்டு, பவளப்பாறையின் வாயைத் தாண்டி, முதல் பெரிய அலையில் மூக்கைத் தூக்கியிருந்தது. இனி யாரும் இறங்கி ஓட முடியாது. அதற்காகத்தான் அவள் காத்திருந்திருக்க வேண்டும்.

தப்பு செமிசியுடையது. செமிசி, விலிமோனேயின் பெரியப்பா மகன். பருத்த ஆள், தேவாலயத்தில் டீக்கன். ஏறும்போது எந்த ஊர் என்று கப்பல்காரன் கேட்டதற்கு, வதுதாமு என்று வேதம் வாசிக்கிற குரலில் சொன்னான். வரிசையில் பின்னால் நின்றது ஆசினாதேயின் குழு, நுகுலேவுத் தீவின் மகளிர் பாடகர் குழு. நுகுலேவுக்காரர்களும் வதுதாமுக்காரர்களும் ஒருவருக்கொருவர் தவூ. ஆதியில் இரண்டு தீவுக்கும் ஒரே தெய்வமாம். அதனால் தவூ என்ன திட்டினாலும் முகம் கோணக் கூடாது, எதை எடுத்தாலும் தடுக்கக் கூடாது. திரும்பக் கேட்பது கேவலம். திருப்பித் திட்டலாம், அவர்களுடையதை எடுக்கலாம். திட்டத் தெரியாத தவூவைப் பேரன் பேத்தி காலம்வரை ஞாபகம் வைத்திருப்பார்கள்.

கிழங்கும் தலையணையும் போனதில் விலிமோனேக்கு வருத்தமில்லை. பாய் வேறு விஷயம். அது கெலேரா கடைசியாகப் பின்னியது. கெலேரா அவன் மனைவி. அவளுடைய துக்கம் களையும் சடங்கு மறுநாள், அவள் பிறந்த நமாராத் தீவில். சடங்கில் வைக்கிற திமிங்கலப் பல்லும் எண்ணெயும் மற்றப் பாய்களும் உறவினர்களோடு முந்தின கப்பலிலேயே போய்விட்டன. இது மட்டும் கட்டிலுக்கடியில் கிடந்துவிட்டது. மாமியார் தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: என் மகள் பின்னிய பாய் எங்கே. கொண்டு வருகிறேன் என்று விலிமோனே வாக்குக் கொடுத்தான்.

கப்பல் முதலில் நிற்பது நுகுலேவில். அதற்குப் பிறகுதான் நமாரா. பாய் நுகுலேவில் இறங்கினால் இறங்கியதுதான்.

"அது வந்து… அந்தப் பாயை மட்டும் குடுத்துடுங்க" என்றான்.

ஆசினாதே தன் குழுவைத் திரும்பிப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் கை வைத்தால் நடைவழி அடைத்துக்கொள்ளும்.

"கேட்டீங்களாடி? குடுத்துடுங்களாம். நான் என்ன இவன் ஹெட்மாஸ்டரா? ஒரு தவூவுக்கு மரியாதை குடுத்து அவமானப்படுத்தறான்."

பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி, பையன் நல்லாத்தானே இருக்கான், வாய்தான் ஊமையோ என்றாள்.

அவன் போட்டிருந்த பூப்போட்ட சட்டையும் அவனுக்கு எதிரியாக நின்றது. ஏறும்போது மண்ணெண்ணெய் பீப்பாய் ஒன்று சிந்தி, அவனுடைய கறுப்புச் சட்டை நனைந்துபோனது. செமிசி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது இது ஒன்றுதான். செக்கச்சிவந்த செம்பருத்திகள், அதுவும் செமிசியின் அளவில். கூடவே புதுப் பாய். கூடவே கறுப்பு உடுப்பில் ஒரு டீக்கன். ஆசினாதே கூட்டிக் கழித்துப் பார்த்து, மாப்பிள்ளை பெண் கேட்கப் போகிறான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அந்த முடிவுக்குப் பின் அவளை நிறுத்த ஆளில்லை. பாயை மேல்தளத்தில் விரித்து நடுவில் உட்கார்ந்துகொண்டு, பெண்ணுக்குக் கண் தெரியுமா என்று விசாரித்தாள். தெரியாவிட்டால் நல்லது, தெரிந்தால் இந்தத் தாடியை என்ன செய்வதாக உத்தேசம் என்றாள். சம்பந்தம் பேசப் போகிறவன் முகம் மழிக்காமல் போவதை வதுதாமுவில்தான் பார்க்கலாம், அங்கே கத்தி இன்னும் வந்து சேரவில்லை என்றாள். தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கேட்க வந்தார்கள். கப்பலின் பின்பக்கம் கவா வேர்ப்பானம் கலக்கிக்கொண்டிருந்தவர்கள் பாத்திரத்தோடு இடம் மாறி வந்தார்கள்.

செமிசியின் முகம் அவிந்த நண்டு நிறத்துக்குப் போனது. விலிமோனேயைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"தம்பி, நான் போய்ச் சொல்லிடறேன். விஷயம் தெரிஞ்சா அடுத்த நிமிஷம் பாயைக் கொண்டுவந்து குடுத்துடுவாங்க."

கொடுத்துவிடுவார்கள். விலிமோனேக்கு அதில் சந்தேகமில்லை. ஆசினாதே எழுந்து நிற்பாள், வாயில் கை வைப்பாள், "இசா" என்பாள்.

அந்தச் சொல்லைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கெலேரா போன நாளிலிருந்து ஊரே அவனைப் பார்த்து அதைத்தான் சொன்னது. இசா, பாவம். சந்தையில் தக்காளிக்காரி அதைச் சொல்லி இரண்டு தக்காளி கூடப் போட்டாள். அவன் பாடம் நடத்தும் பள்ளியில், அவன் நுழைந்ததும் ஆசிரியர் அறையில் குரல்கள் தணிந்தன. பையன்கள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால்கூட அவன் மனம் நோகுமென்று எழுதிவிட்டதாகப் பொய் சொன்னார்கள். இத்தனை மாதத்தில் ஒருவர்கூட அவனை அதட்டவில்லை. இந்தப் பெண் ஒருத்திதான் அவன் கிழங்கைத் தின்றுவிட்டு உப்பில்லை என்றாள்.

"சொல்ல வேண்டாம்" என்றான்.

"அப்ப பாய்?"

"நானே வாங்கறேன்."

செமிசி அவனை மேலும் கீழும் பார்த்தான். "நீ யாரையாவது திட்டி நான் பார்த்ததே இல்லையே."

விலிமோனே போய்ப் பாயின் ஓரத்தில் நின்றான். கூட்டம் அடங்கியது. யோசித்தான். அவளுடைய மூக்கு கொஞ்சம் பெரியது என்றான்.

கவா கலக்குகிறவர்களில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆசினாதே அருகில் இருந்தவளிடம் ஏதோ கேட்டுத் தெரிந்துகொண்டாள். இவன் வாத்தியாராமே, அப்படியானால் நாமே மார்க் போடுவோம், பத்துக்கு அரை என்றாள். அந்த அரையும் நடந்து வந்த சிரமத்துக்கு.

இரண்டாவது முறை, சுவாவில் நடந்த பாட்டுப் போட்டியில் நுகுலேவுக் குழு கடைசி இடம் வாங்கியதைச் சொன்னான். இது கொஞ்சம் பட்டது. ஆனால், கடைசி இடம் வாங்கிய எங்களுக்குப் பின்னால் வதுதாமுக் குழு நின்றது, வாயைத் திறந்ததும் நடுவர்கள் எழுந்து போய்விட்டதால் அவர்களுக்கு இடமே கொடுக்கவில்லை என்று ஆசினாதே பதில் சொன்னாள். கூட்டம் மறுபடி அவள் பக்கம் சாய்ந்தது. விலிமோனே நகர்ந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தொலைவில் நுகுலேவின் மலை, கடலில் குப்புறப் போட்ட கிண்ணம்போலத் தெரிந்தது.

அவனுக்கு உதவிக்கு வந்தது கடல்தான். தீவுகளுக்கு நடுவே திறந்த கடலில் அலை குறுக்கே அடிக்கத் தொடங்கியது. பாட்டும் பேச்சும் குறைந்தன. ஆசினாதேயின் நெற்றியில் வேர்த்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் வாய்க்குள் விரலை விட்டு, மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி, பாயில் இருந்த எனாமல் குவளையில் போட்டாள். பிறகு எழுந்து, ஆட்களைத் தள்ளிக்கொண்டு கம்பியோரம் ஓடிக் கடலை நோக்கிக் குனிந்தாள்.

குவளை பாயின் மேல் தனியாக நின்றது.

விலிமோனே குவளையைப் பார்த்தான். செமிசி விலிமோனேயைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினான். விலிமோனே நடந்து போய்க் குவளையை எடுத்துக்கொண்டான்.

ஆசினாதே முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவன் பெட்டிக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். குவளையை லேசாக ஆட்டினான். உள்ளே சத்தம் கேட்டது. அவள் கை தானாக வாய்க்குப் போனது.

"என்னடா பண்றே" என்றாள், விரல்களுக்கு நடுவே.

"ஒண்ணுமில்லே. உன் சிரிப்பு என்கிட்டே இருக்கு."

நீ என்று சொல்லிவிட்டான். பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க ஊர். தலைவர் பாட்டுக் கேக்கறதுக்காகத் துறையில வந்து நிப்பாரு. உன் பல்லு என்கூட நமாரா போகும். நீ பொக்கை வாயோட அல்லேலூயா பாடு. முன்வரிசையில நிக்கறவங்க எல்லாம் குடை பிடிச்சுப்பாங்க."

முதலில் சிரித்தது அவளுடைய குழுதான். ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் தொடையில் அடித்தாள். கவாக்காரர்கள் கைதட்டினார்கள். விலிமோனேக்கு இன்னும் வந்தது.

"இந்தப் பல்லை எங்கே வாங்கினே? குதிரைக்குச் செஞ்சதா? பாவம், அந்தக் குதிரை இப்ப எப்படிப் புல்லு தின்னுது?"

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. குவளை கையில் குலுங்கியது. செமிசி சத்தமில்லாமல் கையிலிருந்த வேதப் புத்தகத்தை மூடி வைத்தான். தம்பி சிரித்து அவன் கேட்டு வெகுநாளாயிருந்தது.

ஆசினாதே ஒரு கையால் வாயைப் பொத்தியபடி மறு கையால் பாயைச் சுருட்டத் தொடங்கினாள். தோல்வியை அவள் ஒழுங்காகவே ஏற்றுக்கொண்டாள். குவளையும் பாயும் ஒரே நேரத்தில் கை மாறின. அவள் திரும்பி நின்று பல்லை மாட்டினாள், தாடையை இரண்டு முறை அசைத்துப் பார்த்தாள், உடனே வேலைக்கு வந்துவிட்டாள்.

"இந்தக் குப்பைப் பாய்க்கா இவ்வளவு? ஒரு ஓரத்துல கம்பளி நூல் கட்டியிருக்கு, இன்னொரு ஓரம் மொட்டையா கிடக்கு. யாரு பின்னினா, அந்தச் சோம்பேறி?"

"என் பொண்டாட்டி" என்றான் விலிமோனே. சிரிப்பு அவன் குரலில் இன்னும் மிச்சமிருந்தது. "முடிக்கறதுக்குள்ளே செத்துட்டா. நாளைக்கு நமாராவுல துக்கம் களையறோம்."

எப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. அது வாயில் ஏற்கெனவே வந்து நின்றிருந்ததுபோல வெளியே வந்தது.

ஆசினாதே அவன் தாடியைப் பார்த்தாள். அவன் தோளுக்குமேல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த கறுப்புச் சட்டையைப் பார்த்தாள். பெண்கள் எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள். அந்த மூச்சு வெளியே வரும்போது என்ன சொல்லாக வருமென்று விலிமோனேக்குத் தெரியும். பாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"வாயை மூடுங்கடி" என்றாள் ஆசினாதே. அவளுக்கு மூக்கு விடைத்தது. அவளுக்குக் கோபம் வந்திருந்தது, இந்த முறை நிஜக் கோபம். "அடக்கம் பண்ணினபோது எங்களுக்கு ஏன் சொல்லலே?"

அந்த வாரத்தில் யார் எங்கே ஆள் அனுப்பினார்கள் என்பது விலிமோனேக்கு நினைவில்லை.

"சாவு வீட்டுல தவூ வராம எப்படி? யாரு குறுக்கே புகுந்து கூத்தடிச்சா? யாரு பிரசங்கத்துல கொறட்டை விட்டா? பொணத்துக்குப் பக்கத்துல யாரு உன்னைத் திட்டினா?"

"யாருமில்லே."

"அதான் மூஞ்சி இப்படிக் கிடக்கு."

செமிசி முன்னால் வந்தான். சொல்லியனுப்பும் பொறுப்பு அவனுடையதுதான். சின்ன வயதுச் சாவு, பையன் உடைந்து கிடக்கிறான், இந்த நேரத்தில் கேலியும் கூத்தும் எதற்கு என்று நுகுலேவுக்கு மட்டும் ஆள் அனுப்பாமல் விட்டுவிட்டதாகச் சொன்னான். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன் என்றான்.

"நல்லது" என்றாள் ஆசினாதே. அந்த ஒரு சொல்லில் டீக்கன் பாதியாகச் சுருங்கினான்.

கப்பல் ஊதியது. நுகுலேவுத் துறையில் தலைவரும், சில குடைகளும், ஆசினாதேயின் கணவரும் நின்றிருந்தார்கள். பெண்கள் எழுந்து மூட்டைகளை எடுத்தார்கள். ஆசினாதே மட்டும் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் குழுவிடம் ஏதோ சொன்னாள். மூட்டைகள் ஒவ்வொன்றாகக் கைமாறிக் கீழே போயின, ஆட்கள் போகவில்லை. கணவர் கரையிலிருந்து கத்திக் கேட்டதற்கு அவள் கம்பிமேல் சாய்ந்து, நமாராவில் ஒரு சாவுக்குப் போகிறோம், மாதக்கணக்கில் பாக்கி, கோழியை அடைத்து வையுங்கள் என்று கத்தினாள். தலைவருக்கு மட்டும் கப்பலில் நின்றபடியே ஒரு பாட்டு பாடினார்கள். போட்டியில் ஏன் கடைசி இடம் கிடைத்தது என்பது விலிமோனேக்கு அப்போது புரிந்தது. அதை அவளிடம் சொன்னான். பத்துக்கு நாலு கொடுத்தாள்.

இத்தனை பேருக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று செமிசி முணுமுணுத்தான்.

"உன்னை அடுப்புல ஏத்தினா தீவுக்கே போதும், டீக்கன்" என்றாள். பிறகு விலிமோனேயின் கையிலிருந்து பாயை மறுபடி உருவிக்கொண்டாள். இந்த முறை அவன் பிடியை விட்டுவிட்டான்.

நமாராவில் வெயில் இறங்கும் நேரம். கரையில் கறுப்பு உடுத்த பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் மாமியார், போன தடவை பார்த்ததைவிட ஒடுங்கிப்போய். கப்பலிலிருந்து கரைக்குப் போட்ட பலகையின் முன் விலிமோனே தயங்கி நின்றான். மாமியார் முன்னால் இவர்கள் கூத்தடித்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் பயம் வந்தது. ஆசினாதேயைப் பிடித்து நிறுத்தக் கை நீட்டினான். அவள் அதற்குள் பலகையில் இறங்கிவிட்டாள், தலைமேல் பாயோடு, பின்னால் முழுக் குழுவோடு.

நேரே மாமியாரிடம் போய் நின்றாள்.

"அக்கா, நாங்க நுகுலேவு. உங்க மாப்பிள்ளைக்குத் தவூ. வழி நெடுக இவனை விக்கப் பார்த்தோம், ஒருத்தரும் வாங்கலே. இந்தப் பாயைச் சேர்த்துத் தந்தா எடுத்துப்பாங்களான்னு பார்க்கறோம். உங்களுக்கு வேணுமா?"

கறுப்பு வரிசை அசையவில்லை. மாமியார் கையை உயர்த்திப் பாயைத் தொட்டார். சுருளின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். கம்பளி நூல் முடிந்து மொட்டை ஓரம் தொடங்கும் இடத்தில் விரல் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு தலையை நிமிர்த்தி, பலகையின் நடுவில் செம்பருத்திச் சட்டையோடு நின்ற விலிமோனேயைப் பார்த்தார்.

"பாயை எடுத்துக்கறேன்" என்றார். "ஆளைக் கழுவிக் குடுத்தா யோசிக்கலாம்."