கடித்தவர் பெயர்

தடுப்பூசி போட்ட பூனைக்கு உரிமம் வாங்க நகராட்சிக்குப் போனார் தையல்காரர். அங்கே பூனை எழுத்தரின் விரலைக் கடித்துவிட்டது. வலியில் அவர் கடி பற்றிய படிவத்தில் ‘கடித்தவர்’ என்ற கட்டத்தில் தையல்காரர் பெயரை எழுதித் தொலைத்தார். கடித்த பிராணியைப் பத்து நாள் வீட்டில் அடைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது வெறிநோய் விதி.

மறுநாளே சுகாதார ஆய்வாளர் வந்து ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

“சார், கடிச்சது பூனை!”

“பேப்பர்ல உங்க பேருதான் இருக்கு. வெறி இருந்தா தண்ணியைப் பார்த்தாலே பயம் வரும். குடிங்க.”

“குடிச்சுத் தொலைங்களேன்,” என்றாள் மனைவி. “பத்து நாள்ல நம்ம வீட்டு கர்ட்டனையாவது தைச்சிடலாம்.”

பத்தாம் நாள் ‘வெறி இல்லை’ என்று சான்றிதழ் கிடைத்தது. தையல்காரர் அதைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். துணி இன்னும் தயாராகவில்லையா என்று சண்டைக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, இப்போதெல்லாம் ஓரடி தள்ளி நின்றே கேட்கிறார்கள்.