பொன்னிறமாய் வறுத்த அறுபது கோதுகள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கனடாவின் மார்க்கம் நகரில், தன் வீட்டுக் கராஜுக்குள் நின்று, ஜெயரட்ணம் துப்பாக்கிக் கோதுகளை வறுத்துக்கொண்டிருந்தார். ஓம், வறுத்துக்கொண்டுதான். காஸ் அடுப்பு, அதன்மேல் பெரிய தாச்சி, தாச்சிக்குள் அறுபது பித்தளைக் கோதுகள், கையில் மர அகப்பை. பயப்படாதீர்கள், எல்லாம் வெறும் கோதுகள். வெடிமருந்தும் இல்லை, குண்டும் இல்லை. சுட்டு முடிந்தபின் மிஞ்சுகிற கூடுகளைக் கழுவிக் காயவைத்து, புதிதாய் மருந்தும் குண்டும் அடைத்தால் திரும்பவும் சுடலாம்.

சுடுகிறவர் அவரல்ல, அவர் மனைவி யோகமலர். பாணும் பன்னும் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்கிற ஐம்பத்துமூன்று வயதுப் பெண். கூட வேலை செய்கிற சிநேகிதியோடு ஒருநாள் குறிசுடும் கிளப்புக்குப் போனவள், முதல் நாளே வட்டத்தின் நடுவில் ஓட்டை போட்டுவிட்டு வந்தாள். பிறகென்ன, அவளைப் பிடிக்க ஆளில்லை. லைசென்ஸ் படிவத்தில் புருஷனிடமும் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். ஜெயரட்ணம் தலைநிமிராமல் வைத்துக் கொடுத்தார். அன்றோடு சரி. நாலு வருஷமாக அந்த வீட்டில் துப்பாக்கிப் பேச்சே கிடையாது.

கனடா தினத்து வாணவேடிக்கைக்கே பேஸ்மென்றுக்குள் இறங்கி, ரீவியைச் சத்தமாய் வைத்துக்கொண்டு இருக்கிற மனுஷன் அவர். இருபது வயதில், ஊரில் சண்டை நேரம் காதுக்குப் பக்கத்தில் கேட்ட வெடிச்சத்தங்கள் அறுபதிலும் விட்டுப் போகவில்லை. அதை வீட்டில் யாரும் பகிடி பண்ணுவதில்லை. யோகமலரும் துப்பாக்கி விஷயம் ஏதும் சொல்லியே ஆகவேண்டும் என்றால் ஃபிரிட்ஜைப் பார்த்துத்தான் சொல்லுவாள்.

போன கிழமை ஃபிரிட்ஜுக்கு ஒரு நல்ல செய்தி சொன்னாள். இரண்டு வருஷமாக மாற்று ஆளாய் இருத்தி வைத்திருந்த கிளப்காரர்கள், இந்தச் சனிக்கிழமை நடக்கிற அறுபது வெடிப் போட்டிக்கு அவளை அணியில் சேர்த்துவிட்டார்கள். சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை அவர் கண்டு கனகாலம். ஆனால் இன்று விடிய வேலைக்கு வெளிக்கிடும்போது அதே ஃபிரிட்ஜிடம் புலம்பினாள். மூன்று நாளாய் மழை, கழுவின கோதுகள் உள்ளுக்குள் காயவே இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் மருந்து நனைந்து, வெடிக்காமல் டிக்கென்று நின்று மானத்தை வாங்கிவிடும். இன்றைக்குள் மருந்து அடைக்காவிட்டால் போட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

அவருக்கு மனம் கேட்கவில்லை. ஈரம் போக்க அவருக்குத் தெரிந்த வழியோ ஒன்றே ஒன்று. அந்த வீட்டில் கறித்தூளுக்கு மல்லியும் பெருஞ்சீரகமும் வறுப்பவர் அவர்தான். வீட்டுக்குள் வறுத்தால் புகை அலாரம் கத்தும் என்று கராஜில் அடுப்பு வைத்ததும் அதற்காகத்தான். அவர் வறுத்தால் ஒரு மல்லி கருகாது, ஒரு மல்லி பச்சையாய் நிற்காது. கை எடுக்காமல், நிறம் வரும்வரை கிளறுவார். கோதுக்கும் அதே முறைதான். ஈரம் எப்போதோ போய்விட்டது, ஆனாலும் மனுஷன் இறக்கவில்லை. நிறம் வரவேண்டாமா? வந்தது. முதலில் பொன்னிறம், பிறகு கத்தரிப்பூ நிறம். பெருமையோடு தட்டில் பரப்பி வைத்தார்.

மூன்று மணிக்கு வந்த யோகமலர் தட்டைப் பார்த்தாள். ஒரு கோதை எடுத்துக் குறட்டால் மெல்லப் பிடித்தாள். அது சத்தமில்லாமல் நசுங்கியது. அப்படியே பக்கத்தில் கிடந்த அரிசி மூட்டையில் குந்திவிட்டாள். பித்தளை சூட்டில் இளகிவிட்டது, இனி இதற்குள் மருந்து வைத்துச் சுட்டால் கோது வெடித்து முகத்துக்குத்தான் வரும் என்று மெதுவாய்ச் சொன்னாள். இந்தமுறை ஃபிரிட்ஜிடம் அல்ல.

ஜெயரட்ணத்துக்கு அப்போதுதான் விளங்கியது. நாலு வருஷம் வாய் திறக்காமல் இருந்தவர், போட்டிக்கு முதல்நாள் பார்த்துக் கோதுகளைப் பாழாக்கியிருக்கிறார். வேண்டுமென்று செய்யவில்லை என்றால் எந்த மடையன் நம்புவான்? கோபித்துக் கத்தினாலும் தாங்கலாம். அவள் அப்படி நினைத்துவிட்டாளானால், இனி ஃபிரிட்ஜிடம்கூடப் பேசமாட்டாள்.

“மலர், நான் வேணுமெண்டு செய்யேல்லை. நீர் நம்பமாட்டீர், எனக்குத் தெரியும்.”

அவள் கோதுகளை ஒவ்வொன்றாய் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறுபதும் ஒரே நிறம். ஒன்றை மூக்கருகில் கொண்டுபோனாள். பெருஞ்சீரகம் மணத்தது.

“எவ்வளவு நேரம் நிண்டு வறுத்தனீங்கள்?”

“முக்கால் மணித்தியாலம். கை எடுக்கேல்லை.”

“கெடுக்க நினைக்கிற ஆள் இப்பிடி நிறம் பாத்து வறுக்கமாட்டானப்பா,” என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வெடித்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. ஜெயரட்ணத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோதில் ஈய அழுக்கு இருக்கும், அந்தத் தாச்சியை இனிச் சமையலுக்கு எடுக்கக்கூடாது என்று அவள் சொன்னதுதான் கொஞ்சம் நெஞ்சைச் சுட்டது.

போன பயிற்சியில் சுட்ட கோதுகள் அறுபத்துநாலு, கழுவாமல் ஒரு வாளிக்குள் கிடந்தன. கோது கழுவுகிற சின்ன மெஷினில் போட்டார்கள். ஐந்து மணிக்கு எடுத்தபோது, ஒழுங்காய்க் காயவைக்கிறது எப்படி என்று அவரே கேட்டார். ஒரு பழைய துணி வேண்டும் என்றாள். அவர் தான் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைக் கொண்டுவந்தார். கோதுகளை அதில் கொட்டி, ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். அவர் உயர்த்த அவை அவளிடம் ஓடின, அவள் உயர்த்த அவரிடம் ஓடின. பிறகு வாய் கீழாய் அடுக்கி, ஹீற்றர் காற்றுக்கு முன்னால் வைத்தார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து அவர் ரிஷூப் பேப்பரைத் திரியாய் முறுக்கி ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டுப் பார்த்தார். ஒரு திரிகூட நனையவில்லை. அதன்பிறகு அவள் இருந்து மருந்து அடைத்தாள்.

சனிக்கிழமை காலை யோகமலர் வெளியே வந்தபோது, காருக்குள் ஜெயரட்ணம் இருந்தார். பனி தள்ளும் மெஷினுக்குப் போடுகிற காதுமூடி மடியில் கிடந்தது. நீங்கள் வரத்தேவையில்லை, உங்களால் ஏலாது என்றாள்.

“காய வைச்சவன் நான். ஒண்டு டிக்கெண்டு நிண்டாலும் அது என்ரை பிழைதானே. நான் வந்து பாக்கவேணும்,” என்றார்.

கிளப்பில், பின்வரிசை வாங்குப் பலகையில் காதுமூடியோடு இருந்தார். அவள் துப்பாக்கியோடு குப்புறப் படுத்தாள், குறி பார்த்தாள். நாற்பது வருஷமாய் எந்தச் சத்தம் கேட்கக்கூடாது என்று ஓடித் திரிந்தாரோ, அது இப்போது கேட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

வெடித்தது. உடம்பு ஒருதரம் தூக்கிப் போட்டது. ஆனால் எழும்பி ஓடவில்லை.

“ஒண்டு,” என்று எண்ணினார். இன்னும் ஐம்பத்தொன்பது கிடக்கின்றன என்று வாங்கில் நன்றாய்ச் சாய்ந்து இருந்துகொண்டார்.