காருக்குள் பேசாதவர்கள்

எங்கள் வீட்டில் காருக்குள் யாரும் பேசக் கூடாது. இப்படி ஒரு சட்டம் வேறு எந்தக் குடும்பத்திலாவது இருக்கிறதா என்று நானும் எத்தனையோ பேரிடம் விசாரித்துப் பார்த்துவிட்டேன். இல்லை. மற்றவர்கள் காரில் ஏறினால் சண்டை போடுகிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், ஊர் வம்பெல்லாம் அளக்கிறார்கள். நாங்கள் மூன்று பேரும் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஏனென்றால் என் கணவர் வண்டியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஓட்டுவார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்பார். எஞ்சின் இருமினாலும் சக்கரம் முனகினாலும் முதலில் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். புதிதாக ஏதாவது சத்தம் காதில் விழுந்தால் ஸ்டியரிங்கிலிருந்து வலது ஆள்காட்டி விரல் மட்டும் எழும்பும். அப்போது நாங்கள் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். விரல் இறங்கினால் பிழைத்தோம். இறங்காவிட்டால் வண்டி ஓரங்கட்டும், பானட் திறக்கும், கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் கையில் கரியோடு போய் நிற்போம். என் தம்பி அவருக்கு 'டாக்டர்' என்று பேர் வைத்திருந்தான். உண்மையில் அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். லென்ஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, நம் கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் நாள் முழுக்க வேலை. அந்தப் புத்தியைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியாது.

சும்மா சொல்லக் கூடாது, எங்கள் பழைய காருக்கு அந்தக் காது தேவையாகத்தான் இருந்தது. தள்ளாத வயதில் எங்களிடம் வந்த வண்டி அது. மேட்டில் நின்றால் பின்னால் உருளும். நான் இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைப்பேன். வழியில் கல் தேடி அலைய முடியாது என்று பின் சீட்டுக் காலடியில் ஒரு கருங்கல்லை நிரந்தரமாகவே போட்டு வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிய டீச்சர் அந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்திதான்.

அந்தப் பின் சீட்டில் வளர்ந்தவள் எங்கள் ஒரே மகள். ஏழு கழுதை வயதாகியும் எங்களுக்குப் பாப்பாதான். காருக்குள் வாயே திறக்காமல் வளர்ந்த பிள்ளை கடைசியில் எந்த வேலையில் போய்ச் சேர்ந்தாள் தெரியுமா? ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற வேலையில். முதல் நாள் நாங்கள் இருவரும் நடைமேடையில் நின்று கேட்டோம். பெட்டியும் பையுமாக ஓடிக்கொண்டிருந்த கூட்டம் அவள் குரல் வந்ததும் ஒரு கணம் நின்று தலையைத் தூக்கியது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நான் பெற்ற பிள்ளை பேசுகிறாள், இத்தனை பேர் அதைக் கேட்டுத் தங்கள் வழியைத் தெரிந்துகொள்கிறார்கள். பக்கத்தில் நின்ற என் வீட்டு மனிதர், "ஸ்பீக்கர் லேசா இரையுது" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தண்டவாளத்தில் தள்ளியிருப்பேன்.

அந்தக் குரல் வருகிற கழுத்தில்தான் கட்டி வந்தது.

"கெட்ட கட்டி இல்லை," என்றார் அறுவை மருத்துவர். "ஆனா வளருது. எடுத்துடணும். குரலுக்குப் போற நரம்பு அதோட ஒட்டிக்கிட்டு இருக்கு, நூலை விட மெல்லிசு. ரொம்ப ஜாக்கிரதையாத்தான் செய்வோம். ஆனாலும் குரல் மாறலாம். போகவே போகாதுன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது."

"மறுபடி மைக்ல பேச முடியுமா டாக்டர்?" என்று கேட்டாள் மகள். அவர் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

மருத்துவமனை மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. "அந்த வண்டில பாப்பாவை ஏத்தினா நான் ரோட்டுல படுத்து மறிப்பேன் மச்சான்" என்று என் தம்பி சொல்லிவிட்டான். அவனே அலைந்து திரிந்து வாங்க வைத்ததுதான் இந்த மின்சாரக் கார். வீட்டுக்கு வந்ததும் இவர் செய்த முதல் காரியம் பானட்டைத் திறந்தது. உள்ளே வழவழவென்று ஒரு கறுப்பு மூடி இருந்தது. தட்டிப் பார்த்தார். காதை வைத்துப் பார்த்தார். மாமியார் வீட்டில் முதல் நாள் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஆனாலும் விட்டாரா? ஒரே வாரத்தில் சத்தம் கண்டுபிடித்துவிட்டார். சர்வீஸ் சென்டருக்கு என்னையும் சாட்சியாக இழுத்துக்கொண்டு போனார். அங்கிருந்த மெக்கானிக் ஒரு சின்னப் பெண். அவளே ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள்.

"கேக்குது சார். டாஷ்போர்டுக்குள்ள டிக்குங்குது. பிளாஸ்டிக் வெயில்ல விரியும், குளிர்ல சுருங்கும். அதுதான். ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"ஆயில் எவ்வளவு இருக்குன்னு எங்கம்மா பாக்கறது?"

"இதுக்கு எஞ்சின் ஆயிலே கிடையாது சார்."

"அப்ப நான் என்னதான் பாக்கறது?"

"ரோட்டைப் பாருங்க சார். மத்ததை அது பாத்துக்கும். ஏதாவதுன்னா அதுவே சொல்லும்."

வீடு வரும்வரை அவர் முகத்தில் ஈயாடவில்லை. வேலையை விட்டு நீக்கப்பட்ட மனிதர் மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் காலை கிளம்பினோம். மகள் பின் சீட்டில். பழக்கதோஷம், ஏறிக் கதவைச் சாத்தியதும் மூன்று பேர் வாயும் தானாகச் சாத்திக்கொண்டது.

மலையேற ஆரம்பித்ததும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்த மேட்டில் பழைய வண்டி போட்ட கூச்சலை நான் மறக்கவில்லை. இது சத்தமே இல்லாமல், யாரோ மேலிருந்து மெதுவாகத் தூக்குகிற மாதிரி ஏறியது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன். பள்ளத்தில் ஓடை ஓடுவது கேட்டது. இத்தனை வருடம் இந்தப் பாதையில் போயிருக்கிறோம், இங்கே ஓடை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஏதோ ஒரு பறவை கத்தியது, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. தூறல் விழுந்ததும் யாரும் தொடாமலே வைப்பர் துடைக்க ஆரம்பித்தது. பனிமூட்டம் இறங்கியதும் விளக்கு தானாக எரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பின்னாலிருந்து மகள், "அம்மா, நாளைக்கு ஒருவேளை..." என்று ஆரம்பித்தாள்.

டிக்.

ஸ்டியரிங்கிலிருந்து விரல் எழுந்தது. பிள்ளை பாதியில் நிறுத்திக்கொண்டாள். வளைவில் கொஞ்சம் அகலமான இடம் வந்ததும் இவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி பானட்டைத் தூக்கினார். எனக்குத் தலைக்கு ஏறியது. நானும் இறங்கினேன்.

"என்னங்க தேடறீங்க?"

"சத்தம் வந்துச்சு."

"நாளைக்கு இந்நேரம் அவளுக்குக் குரல் இருக்குமான்னு தெரியலை. இன்னிக்கு முழுசா அது பின் சீட்டுல உக்காந்திருக்கு. அதைக் கேக்க உங்களுக்குக் காது இல்லை. நீங்க பிளாஸ்டிக்கைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க."

அவர் அந்தக் கறுப்பு மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தலைமுடியெல்லாம் தூறல். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இதைன்னா திறந்து பாக்கலாம். அவ கழுத்துக்குள்ள நான் என்னத்தைப் பாக்கறது? எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அவர் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் கையைப் பிடித்து அந்த மூடியிலிருந்து எடுத்தேன். அவரே பானட்டைச் சாத்தினார்.

வண்டி நல்ல ஏற்றத்தில் நின்றிருந்தது. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தபோது என் கை தானாகக் கதவுக்குப் போனது, கல் வைக்க. வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. நின்ற இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு, பிறகு மெல்ல முன்னால் போனது. இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"பேசு பாப்பா," என்றார்.

"என்னப்பா பேசறது? கார்ல பேசிப் பழக்கமே இல்லையே."

பிறகு தொண்டையைச் சரி செய்துகொண்டு அந்த நிலையக் குரலை எடுத்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அப்பாவின் வண்டி பனிமூட்டம் காரணமாகவும், அப்பா காரணமாகவும், சற்றுத் தாமதமாக மலையைக் கடக்கும். பயணிகள் தயவுசெய்து கல்லை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டாம்."

ஒரு நிலையத்தையே நிறைக்கிற குரல், எங்கள் மூன்று பேருக்காக மட்டும், அந்தச் சின்ன இடத்துக்குள். வெள்ளி மணி மாதிரி, ஒரு பிசிறும் இல்லை. நான் சிரித்தேன், கண்ணீரும் வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது.

அதற்கப்புறம் அவள் நிறுத்தவில்லை. சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டினாள். "அந்தக் கல்லுக்கு ஒரு பேர் வச்சிருந்தேன், தெரியுமாப்பா? தம்பின்னு கூப்பிடுவேன். உங்க விரல் மேல போனதும் அதுகிட்ட உதட்டை மட்டும் அசைச்சுப் பேசுவேன். அது ரொம்ப நல்ல பையன், யார்கிட்டயும் சொல்லாது." இவர் இரண்டு வளைவைத் தாண்டினார். பிறகு, "தம்பி இப்ப எங்க?" என்று கேட்டார். பழைய காரோடு போய்விட்டான் என்றாள்.

மலையின் அந்தப் பக்கம் இறங்கும்போது இவர் திரையைக் காட்டினார். "பாருங்க ரெண்டு பேரும். இறங்க இறங்க பேட்டரி ஏறுது. பள்ளத்துல உருள்றதையே கரண்ட்டா மாத்தி உள்ள வச்சுக்குது." அவர் ஒரு வண்டியைப் பற்றிக் குறை இல்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அறுவை சிகிச்சை நடந்தபோது நாங்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முடிந்து அவள் கண் விழித்ததும் மருத்துவர் பேசச் சொன்னார். வாய் அசைந்தது. காற்றுதான் வந்தது.

"நரம்பை அறுக்கலை, முழுசா இருக்கு," என்றார் அவர். "தொட்டதுல களைச்சுப் போயிருக்கு. எப்ப வரும், எப்படி வரும்னு இப்பச் சொல்ல முடியாது. நிறையப் பேருக்கு வந்துடும். சும்மா சும்மா பேச வச்சுப் பாக்காதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நூலை விட மெல்லியதை ஒரு மனிதக் கை பிரித்தெடுத்து விட்டிருக்கிறது. அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு. அதே நேரம் அந்தக் காற்றுச் சத்தம் என் ஈரக்குலையை அறுத்தது. இவர் மருத்துவர் சொன்னதற்குத் தலையை ஆட்டினார்.

திரும்பி வரும்போது நல்ல வெயில். மகள் கழுத்தில் கட்டோடு பின் சீட்டில் சாய்ந்திருந்தாள். மறுபடியும் பேச்சில்லாத வண்டி. முன்பு சட்டத்தால் இருந்த அமைதி, இப்போது வேறு வழியில்லாமல். எனக்குத் தாங்கவில்லை.

ஏற்றம் ஆரம்பித்ததும் டிக்கென்றது. பின்னாலிருந்து ஒரு விரல் எங்கள் இருவருக்கும் நடுவில் நீண்டு நின்றது. மகளுடைய விரல். அப்பா மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வம்புக்காரி.

"கேக்குது," என்றார் இவர். "அது பாட்டுக்கு இருக்கட்டும்." வண்டி நிற்கவில்லை.

உச்சிக்கு வந்தபோது மூட்டம் இல்லை; இத்தனை வருடம் வண்டிச் சத்தத்திலேயே கவனமாக இருந்து பார்க்காமல் விட்ட மலையை முதல்முறையாகப் பார்த்தோம். போகும்போது வெள்ளையாக ஒன்றுமே இல்லாமல் கிடந்த இடத்தில் இத்தனை பெரிய பள்ளத்தாக்கு இருந்திருக்கிறது. அடுக்கடுக்காக மலைகள், கண் போகிற தூரம் வரைக்கும். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே போனோம்.

"ப்பா."

முதலில் அது வண்டியின் சத்தம் என்றே நினைத்தேன். கட்டைக் குரல். நடுவில் கிழிந்தும் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மகள் தன் தொண்டையைத் தானே தொட்டுக்கொண்டு விழித்தாள்.

"அப்பா," என்றாள் இன்னொரு தடவை. வந்தது. எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார்கள், ஒன்றும் புரியவில்லை. அவள் பிறந்து முதல் அழுகை அழுதபோது இருந்த அதே மலைப்பு எனக்கு.

அவள் முகத்தில் மகிழ்ச்சியும் பயமும் மாறி மாறி வந்தன. "கரகரங்குதுல்லப்பா?" என்று கேட்டாள். "மைக்ல இது எடுபடுமா?"

உலகத்திலேயே யாரிடம் கேட்கக் கூடாதோ அவரிடம் கேட்டாள். கீறல் இருக்கிற லென்ஸை ஒதுக்கி வைக்கிற மனிதர். பொய் சொல்லவும் தெரியாது. நான் கண்ணாலேயே அவரைக் கெஞ்சினேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. கண்ணாடியில் மகளைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"இரையுது," என்றார். "இருந்துட்டுப் போகட்டும். நீ அந்த அறிவிப்பைச் சொல்லு, நாங்க கேக்கறோம்."

"முழுசா வருமான்னு தெரியலையேப்பா."

"வந்த வரைக்கும் சொல்லு, போதும்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பயணிகளின்," என்றாள். உடைந்தது. மறுபடி எடுத்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு." ஒவ்வொரு சொல்லும் தட்டுத் தடுமாறி ஏறி வந்து சேர்ந்தது. அதில் பழைய மணி இல்லை. ஆனால் அது அவள்தான், கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

அவள் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போது டாஷ்போர்டு டிக்கென்றது. எனக்கே கேட்டது. இவருடைய பத்து விரலும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.