கீழ்வீட்டு மெக்சிகோக்காரி

1991 மாசி மாதம். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டின் மேல்தட்டில் பெர்னடெற்றும் அவள் கணவன் சவிரிமுத்துவும் வாடகைக்கு இருந்தார்கள். மன்னாரை விட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து மூன்று வருடம். மகள் டிலானிக்கு நான்கு மாதம். குளிப்பாட்டும்போது பிள்ளையின் கழுத்துக்குக் கீழே நீலமாகக் கன்றிய அடையாளம் ஒன்றைப் பெர்னடெற் கண்டாள். மறுவாரம் முதுகில் இரண்டு.

டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை என்றார். பிறகு கவுன்சிலிலிருந்து, பிள்ளைகளை வீட்டில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று விசாரிக்கும் ஒரு பெண் வரத் தொடங்கினாள். அன்பாகத்தான் பேசினாள். ஆனால் பிள்ளையின் உடுப்பைக் கழற்றிப் பார்த்த கையோடு பெர்னடெற்றின் விரல் நகங்களையும் பார்த்தாள். பிள்ளையோடு தனியே இருப்பது யார் என்பதை மூன்று விதமாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

பெர்னடெற்றின் சந்தேகம் வேறு பக்கம் போனது. கீழ்த்தட்டுக்கு மெக்சிகோக்காரி ஒஃபேலியா குடிவந்தது தை மாதத்தில். அடையாளங்கள் வந்ததும் அதற்குப் பிறகுதான். விடிய, ஆட்கள் வேலைக்கு வர முன்னம் கந்தோர்களைக் கூட்டித் துடைக்கப் போகிறவள். ஞாயிறு பூசைக்கு வருவாள், நற்கருணை வாங்க மாட்டாள். பிள்ளையைக் கண்டால் கிட்ட வராமல் தள்ளி நின்றே பார்ப்பாள்.

ஒரு மத்தியானம் அவள் கத்தரிக்கோல் ஒன்றோடு மேலே வந்தாள். அதை விரித்துத் தொட்டிலுக்கு அடியில் வைக்கச் சொன்னாள். தன் ஊரில் பிள்ளைகளின் இரத்தம் குடிக்கும் சூனியக்காரிகள் உண்டாம். யாரும் விரும்பி அப்படி ஆவதில்லை, பிறப்பே அப்படித்தானாம். கால்களைக் கழற்றி அடுப்படியில் வைத்துவிட்டு வான்கோழியாகப் பறப்பார்களாம். திரும்பும்போது கால்கள் இல்லாவிட்டால் செத்துவிடுவார்களாம். அரைகுறை ஆங்கிலத்தில் அவள் சொன்ன பெயர், ஏதோ ‘பூச்சி’ என்றுதான் பெர்னடெற்றின் காதில் விழுந்தது.

சவிரிமுத்து வேலையால் வந்ததும் கத்தரிக்கோலைக் கடதாசியில் சுற்றி லாச்சிக்குள் போட்டான்.

“இனி அவளை மேல ஏத்தாதை. செய்வினை செய்யிறவள்தான் பரிகாரமும் சொல்லுவாள்.”

“எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு” என்றாள் பெர்னடெற்.

மூன்றாம் நாள் பின்னேரம் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சவிரிமுத்து ஷிப்டில். பிள்ளை நித்திரை. கீழேயிருந்து இறகு கருகும் மணம் வந்தது. இன்றைக்குக் கேட்டே விடுவதென்று பெர்னடெற் இறங்கிப் போனாள். கதவு திறந்திருந்தது. குசினியில் அடுப்புக்கு முன்னால் இரண்டு கால்கள், முழங்காலுக்குக் கீழே உள்ளவை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சிலுவைபோல் கிடந்தன. கால்களில் ஒஃபேலியா போடும் மண்ணிற மேசு. இரத்தம் இல்லை. முடிந்த இடத்தைத் தோல் வழுவழுப்பாக மூடியிருந்தது.

மேலே டிலானி ஒருதரம் வீரிட்டாள். பிறகு சத்தமில்லை.

ஓடிப்போனபோது யன்னல் திறந்திருந்தது. தொட்டில் விளிம்பில் வான்கோழி ஒன்று குனிந்து நின்றது. பெர்னடெற் லாச்சியை இழுத்து, கடதாசியைக் கிழித்து, கத்தரிக்கோலை விரித்துத் தொட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பறவை பொம்பிளைக் குரலில் அலறி, சுவரில் அடிபட்டு வெளியே பாய்ந்தது.

பிள்ளை மூச்சு விட்டது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பெர்னடெற் படியின் உச்சிக்கு வந்தாள். அந்தக் கால்களைத் தூக்கி நெருப்பில் போட்டால் எல்லாம் முடிந்துவிடும். இரண்டு படி இறங்கினாள். கத்தரிக்கோலைத் தந்ததும் அவள்தானே என்ற நினைப்பு மறித்தது. திரும்பிப் போய்க் கதவைப் பூட்டினாள்.

ஐந்து மணிக்கு ஒஃபேலியா பையோடு படியின் அடியில் நின்று கூப்பிட்டாள். பெர்னடெற் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் சாம்பலாக இருந்தது. கத்தரிக்கோலை ஏன் முதலே வைக்கவில்லை என்று கேட்டாள்.

“உன்னை நம்பவில்லை.”

“என்னை நம்பாதது சரி. கத்தரிக்கோலை நம்பியிருக்கலாம்.”

எங்கே போகிறாள் என்று அவள் சொல்லவில்லை, பெர்னடெற்றும் கேட்கவில்லை.

நடந்ததைக் கேட்ட சவிரிமுத்து கீழே போய் வெறும் குசினியைப் பார்த்துவிட்டு வந்து, தொட்டிலுக்கு அடியில் கத்தரிக்கோல் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தான். பத்து நாளில் அடையாளங்கள் மறைந்தன. சித்திரையில் கவுன்சில் கடிதம் வந்தது. தாயின் கவனிப்பில் முன்னேற்றம் தெரிவதால் இனி வீட்டுக்கு வரத் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். சவிரிமுத்து அதை இரண்டு தரம் வாசித்தான். உன்னில் பிழையில்லையென்று மறுத்து எழுதவா என்று கேட்டான்.

“என்னெண்டு எழுதுவியள்?” என்றாள் பெர்னடெற்.