அசல் கொக்கி

கொட்டகைக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. இயந்திரத்தை மூடியிருந்த தார்ப்பாயை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, தங்கை முக்காலியில் உட்கார்ந்து பெயிண்ட் டப்பாவைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தாள். ஆள் எழுவதற்கு முன்பே வந்து வேலையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்த அண்ணன், கையிலிருந்த துணிப்பையை மெல்ல முதுகுப் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"நீ எதுக்கும்மா இங்க வந்தே? நான் துடைச்சு ஏத்தி விட்டுடுறேன்."

"அந்தப் பச்சை நான் கலந்தது. கீறலோட அனுப்ப மாட்டேன்" என்றாள்.

மதியத்துக்குள் சங்கத்து லாரி வரும். பழைய தோட்டக் கருவிகளைத் தேடிப் பிடித்து ஓடவைக்கும் ஆட்களின் சங்கம் அது. அவர்களுடைய கூடத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்று தங்கைதான் சொல்லி அனுப்பியிருந்தாள். கணவரைக் கொன்ற இயந்திரம் சமையலறை ஜன்னலுக்கு நேரெதிரே நிற்பதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. லாரி வருவதற்குள் அண்ணனுக்கு ஒரு வேலை இருந்தது. பையில் ஒரு ஸ்பிரிங்கும், அதைத் தாங்கும் இரும்புப் பட்டையும், இரண்டு போல்ட்டும் இருந்தன. அவற்றை இருந்த இடத்தில் திரும்ப மாட்டிவிட்டால், அவை நடுவில் இல்லாமல் போனது யாருக்குமே தெரியாது.

அது மண்ணைக் கிளறும் டில்லர். முன்னால் இன்ஜின், நடுவில் இரண்டு சக்கரம், பின்னால் கத்திகள், அதற்கும் பின்னால் நீண்ட கைப்பிடி. பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். வீட்டிலிருந்த எல்லோரையும் விட அதற்கு வயது அதிகம் என்பதால், இறந்துபோன மாப்பிள்ளை அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அண்ணனுக்குத் தண்ணீர் பம்பு பழுதுபார்க்கும் பட்டறை. விடுமுறை நாட்களில் இருவரும் கொட்டகையே கதி என்று கிடப்பார்கள். அண்ணன் கழற்றுவான், மாப்பிள்ளை துருவைச் சுரண்டி அரத்தால் ராவுவார், தங்கை பெயிண்ட் அடித்து ஓரத்தில் மஞ்சள் கோடு இழுப்பாள். ஸ்டார்ட் ஆகாத நாட்களில் மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்து, பெரியவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, டீ கொடுத்துப் பார்க்கலாமா என்பார். அவருக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன் என்று உள்ளிருந்து பதில் வரும்.

கைப்பிடியில் சைக்கிள் பிரேக் போல ஒரு பிடி உண்டு. அதை அழுத்தினால் சக்கரமும் கத்தியும் சுற்றும். தொழிற்சாலையில் செய்தபோது அந்தப் பிடியை அழுத்தியவுடன் ஒரு சின்னக் கொக்கி தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும்; கை வலிக்காமல் நாள் முழுக்க உழலாம். பிறகு அதை முன்பு வைத்திருந்த யாரோ ஒருவர் கொக்கியை எடுத்தெறிந்துவிட்டு, கிளட்சுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங்கை மாட்டியிருந்தார். அதன்பின் கையை விட்டால் எல்லாம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்த மனிதர் எதைப் பார்த்துவிட்டு அதைச் செய்தார் என்று யாரும் கேட்டுவைக்கவில்லை. மாப்பிள்ளை ஓட்டிப் பழகியதெல்லாம் ஸ்பிரிங் இருந்த பெரியவரைத்தான்.

முதல் தடவை சங்கத்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது, நடுவர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். "இது அசல் இல்லையே. யாரோ தோட்டக்காரன் ஒட்டுப்போட்ட வேலை" என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டுப் போனார். சங்கத்தில் அதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. ஒரு போல்ட்டின் தலை மாறியிருந்தால்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் கூட்டம். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். அண்ணனுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. ஊர் ஊராகக் காயலான் கடைகளில் துழாவி, கட்டைவிரல் அளவுள்ள அந்தக் கொக்கியைக் கண்டுபிடித்தான். அடுத்த கண்காட்சிக்கு முந்தைய நாள் ஸ்பிரிங்கைக் கழற்றி, போல்ட் இருந்த ஓட்டைகளைப் பட்டி வைத்து மூடி, பச்சை தடவி, கொக்கியை மாட்டினான். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். முதல் பரிசு வந்தது. வந்ததும் ஸ்பிரிங்கை மாட்டிவிட வேண்டும் என்று நினைத்தான். பட்டறையில் வேலை குவிந்து கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனான்.

அதற்குள் மாப்பிள்ளை ஒரு காலையில் கீரைப் பாத்திக்காகப் பின்கட்டைக் கிளறப் பெரியவரை வெளியே எடுத்தார். பழக்கத்தில் பிடியை இறுக்கிப் பிடித்தபடியே ஓட்டியிருப்பார். கொக்கி விழுந்து மாட்டியிருப்பது கைக்குத் தெரிந்திருக்காது. சுவர் ஓரத்தில், சுவருக்கு முதுகைக் காட்டியபடி ரிவர்ஸ் எடுத்தார். சமையலறையிலிருந்து தங்கை, "சாப்பிட வர்றீங்களா?" என்று கூப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்ட சத்தத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சுவர் ஏறிக் குதித்து பிளக் வயரைப் பிடுங்கி இன்ஜினை நிறுத்தினார். தகவல் கிடைத்து ஓடிவந்த அண்ணனின் கை முதலில் போனது கொக்கிக்குத்தான். தட்டி விடுவித்துவிட்டுத்தான் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினான். கையை விட்டால் இது நிற்குமா என்று போலீஸ்காரர் கேட்டார். நிற்கும் என்றான். அப்படியானால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியவர் தடுமாறிப் பயத்தில் பிடியை இறுக்கியிருக்கிறார் என்று முடிவாயிற்று. எல்லோரும் அதையே சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "இவ கூப்பிட்டா. அவன் போயிட்டான்." அன்றிலிருந்து அவர் மருமகளோடு பேசுவதில்லை. அவள் வைக்கும் தட்டில் சாப்பிடுவார், அவள் துவைத்த புடவையைக் கட்டுவார், முகத்தை மட்டும் சுவர் பக்கம் வைத்துக்கொள்வார். தங்கையும் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுத்தான் பேசுவாள்.

இப்போது அவள் முட்டி போட்டுக் குனிந்து, சுவரில் உரசிய கீறல்களை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளை உள்ளே அனுப்ப வழி தேடினான். வெயில் ஏறுகிறது என்றான். இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்றான். டீ கிடைக்குமா என்றுகூடக் கேட்டான். ஃபிளாஸ்க்கில் இருக்கிறது, ஊற்றிக்கொள் என்றாள், தலையைத் தூக்காமலே.

கிளட்ச் பக்கம் வந்ததும் அவள் கை நின்றது. தேய்த்த இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள். விரல் நுனியால் தடவினாள். பட்டி காய்ந்து உள்வாங்கி, இரண்டு சின்னப் பள்ளங்கள் விழுந்திருந்தன.

"இந்தப் பச்சை என்னுது இல்ல."

"பழைய பெயிண்ட்டு, வெளுத்திருக்கும்."

"வெளுத்தா மஞ்சளாகும். இது நீலம் தட்டுது. கடையில வாங்கின டப்பா." அவள் திரும்பவும் தடவினாள். "இங்க ஒரு பட்டை இருந்துச்சு. நான் அதைச் சுத்தித்தான் அடிச்சேன். கழட்டவான்னு கேட்டதுக்கு, அதைத் தொடாதே, அதுதான் எனக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ்னு சிரிச்சாரு."

அண்ணன் பையை இன்னும் பின்னால் தள்ளினான். அவள் எழுந்து அவனுக்குப் பின்னால் போனாள். பையை அவன் கையிலிருந்து வாங்கினாள். அவனும் தடுக்கவில்லை. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, நீட்டிப் பார்த்து, முக்காலி மேல் வைத்தாள். பட்டையைப் பக்கத்தில் வைத்தாள். அதன் ஓரத்தில் அவளுடைய பச்சை, மெல்லிய கோடாகப் படிந்திருந்தது.

"எப்பக் கழட்டினே?"

"கண்காட்சிக்கு முன்னாடி. அந்த ஆள் சொன்னது..." அவன் நிறுத்தினான். "திருப்பி மாட்டணும்னுதான் இருந்தேன் பாப்பா. சத்தியமா."

"அப்ப அன்னைக்கு அவரு கையை விட்டிருக்காரு."

"விட்டிருப்பாரு."

"நான் கூப்பிட்டா அவரு எப்பவும் கையை விட்டுட்டுத்தான் திரும்புவாரு."

"தெரியும்."

"இத்தனை மாசமா தெரியும்."

அவள் அழுவாள், அடிப்பாள் என்று அவன் காத்திருந்தான். அவள் மூலையிலிருந்த மரக்கட்டைகளை இழுத்துவந்து, அச்சுக்கு அடியில் கொடு என்றாள். அவன் கடப்பாரையால் நெம்பிக் கட்டையை முட்டுக்கொடுத்தான். சக்கரங்களும் கத்திகளும் தரையை விட்டு எழும்பின. ஸ்டார்ட் பண்ணு என்றாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. இரண்டாவது இழுப்பிலேயே பெரியவர் இருமிக்கொண்டு எழுந்தார்.

தங்கை முற்றத்தைக் கடந்து சமையலறைக்குள் போனாள். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. கையைக் காட்டினாள். அவன் கைப்பிடிக்குப் பின்னால் நின்று, ரிவர்ஸில் போட்டுப் பிடியை அழுத்தினான். டக் என்று கொக்கி விழுந்தது இந்த முறை அவனுக்குக் கேட்டது. சக்கரங்கள் பின்பக்கமாகச் சுற்ற, கத்திகள் வெற்றுக் காற்றை வெட்டின.

"சாப்பிட வர்றீங்களா?"

அதே குரல், அதே சொல். அண்ணன் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டான். கத்திகள் நிற்கவில்லை. அவன் கைகளைத் தூக்கியபடியே நின்றான்.

உள்ளறையின் கதவு திறந்தது. இன்ஜின் சத்தத்துக்கா, அந்தக் குரலுக்கா என்று தெரியவில்லை, மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்துவிட்டார். சுற்றும் கத்திகளைப் பார்த்தார். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவனைப் பார்த்தார். தங்கை அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். தோளைத் தொடவில்லை.

அண்ணன் கொக்கியைத் தட்டிவிடக் குனிந்தான்.

"அணைக்காதே" என்றாள். "அது ஓடட்டும். அத்தை வந்திருக்காங்க. அவங்களுக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

அவன் ஏதோ சொன்னான். இன்ஜின் அதை விழுங்கிவிட்டது.

"கேக்கல" என்றார் மாமியார்.

அவன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த முறை கத்திச் சொல்ல ஆரம்பித்தான்.